சைரன் இல்லாமல் வந்த வண்டி

தங்கை இறந்து ஒரு வருடம் ஆகப் போகிற சமயத்தில் எங்கள் ஊர்க் காளியம்மன் கோயில் திடலில் ஒரு கூட்டம் போட்டார்கள். பட்டாசு ஆலை வெடித்ததில் எங்கள் ஊரில் மட்டும் ஆறு பேர் போயிருந்தார்கள். ஆறு பேரில் அவள்தான் இளையவள். வருடம் திரும்பும் நாளில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் படம் வைத்துக் கும்பிடுவது, அன்றைக்கு வந்து நெருப்போடு மல்லுக்கட்டிய தீயணைப்புக்காரர்களை அழைத்துச் சால்வை போடுவது என்று ஊர்ப் பெரியவர்கள் யோசித்து வைத்திருந்தார்கள்.

படம் வைப்பதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சால்வை என்றதும் ஒருவர் எழுந்தார். மனைவியைப் பறிகொடுத்தவர். லாரிக்கு லோடு ஏற்றும் வேலை அவருக்கு. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத மனிதர்.

"செத்தவுகளுக்கு மாலை போடுங்க, நான் வேண்டாங்கல. வந்தவுகளுக்கு எதுக்குச் சால்வை? உள்ள இருந்து ஒத்த உசுரையாவது கொண்டாந்தாகளா?"

அவர் கேட்டது எங்களில் பலபேர் மனதில் இருந்ததுதான். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பின்வரிசையில் ஓர் அக்கா எழுந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது. என் தங்கை வேலை பார்த்த அறைக்குப் பக்கத்து அறையில் இருந்தவர். மாதக்கணக்கில் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தவர். வந்ததிலிருந்து தெருவில் இறங்கி நாங்கள் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பால் கழுத்தையும் ஒரு பக்கக் கன்னத்தையும் மூடியிருந்தார்.

"என்னையக் கொண்டாந்தாகண்ணே" என்றார். "நானும் ஒரு உசுருதான."

லோடு ஏற்றுகிறவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ சொன்னா சரித்தா. சால்வைய நானே போயி வாங்கியாறேன்" என்றார்.

அந்த அக்கா உட்காரவில்லை. "ஒண்ணே ஒண்ணு. வண்டி சத்தம் போடாம வரணும்னு சொல்லிருங்க" என்றார்.

எங்கள் பக்கம் யாரையாவது மரியாதையாக வரவேற்பதென்றால் முதலில் தெருமுனையில் சரவெடிதான். அதைக் கொளுத்துவதா வேண்டாமா என்று அன்றைக்கு யாரும் கேட்கக்கூட இல்லை.

நான் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் காலண்டர் பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி எங்கள் ஊரிலேயே அம்மா வீட்டுக்கு அடுத்த தெருவில் இருப்பவள். என் வீட்டுக்காரர் வெளியூர் லாரியில் டிரைவர். அப்பா போன பிறகு அம்மாவும் தங்கையும்தான் அந்த வீட்டில். அம்மாவுக்கு நான் பெரியவள், அவள் சின்னவள்.

சின்னவள் வெடி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலைக்குப் போக ஆரம்பித்தது பள்ளிக்கூடம் முடித்த கையோடு. பேன்சி வெடிக்கு மருந்து அடைக்கிற வேலை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது கழுத்து, காதுமடல், கைரேகை எல்லாம் வெள்ளிப் பவுடர் மின்னும். சீயக்காய் போட்டு எத்தனை தடவை தேய்த்தாலும் தலைமுடியின் வேரில் கொஞ்சம் தங்கிவிடும். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா நகை போட வேண்டியதில்ல பாரு, நான் அப்பிடியே மின்னுறேன்" என்பாள். சிரிப்பு அவளுக்கு எதற்கெடுத்தாலும் வரும். எழவு வீட்டில்கூட அவளை என் பக்கத்தில் உட்கார வைக்கப் பயப்படுவேன்.

தீபாவளி அன்றைக்கு எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறி வந்துவிடுவாள். சிவகாசிப் பக்கம் வானத்தில் பச்சையும் சிவப்புமாகப் பூ விரியும்போது, "அந்தா, அது நான் அடைச்சதாக்கும்" என்று கை நீட்டுவாள். எது வெடித்தாலும் அவள் அடைத்ததுதான். அவள் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தும் அவள் காட்டிய பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆலை வெடித்த அன்றைக்கு நான் அச்சகத்தில் இருந்தேன். காலண்டர் சீசன். மெஷின் சத்தத்தில் எங்களுக்கு வெடிச் சத்தம் கேட்கவில்லை, ஜன்னல் கண்ணாடிதான் அதிர்ந்தது. எல்லோரும் வெளியே ஓடி எந்தத் திசையில் புகை என்று பார்த்தோம். இந்தப் பக்கத்தில் பிறந்தவர்கள் எங்கோ வெடித்தது தெரிந்ததும் முதலில் செய்வது அதுதான். புகை கிழக்கே நின்றது. பக்கத்தில் நின்ற பெண்கள் ஆளுக்கொரு நம்பருக்குப் போன் போட்டார்கள். நானும் தங்கைக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அது தெரிந்தும் திரும்பத் திரும்பப் போட்டேன்.

மெஷின் ஓட்டும் அண்ணன் ஒருவர் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். ஆலை கேட்டை எட்டியபோது வாட்ச்மேன் அறையின் கதவு பிய்ந்து கிடந்தது. உள்ளே ஒரு மரப்பெட்டியில் போன்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தன. சினிமாப் பாட்டு, சாமி பாட்டு, குழந்தை சிரிக்கிற சத்தம் என்று விதவிதமாக. அத்தனை வீட்டிலிருந்தும் அத்தனை பேரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தீயணைப்பு வண்டிகள் வந்திருந்தன. ஆனால் உள்ளே யாராலும் போக முடியவில்லை. ஓர் அறை அடங்கினால் பக்கத்து அறை வெடித்தது. ஒவ்வொரு வெடிப்புக்கும் கல்லும் ஓடும் எங்கள் தலைக்கு மேல் பறந்தன. இடிந்த சுவருக்குப் பின்னால் பதுங்கி நின்று அவர்கள் தண்ணீர் பீய்ச்சினார்கள். கிடைத்த இடைவெளியில் ஓரத்து அறைக்குள் இருவர் நுழைந்து ஒரு பெண்ணைத் தூக்கிவந்தார்கள். அவர்தான் பிறகு கூட்டத்தில் எழுந்து நின்ற அக்கா. அதற்குமேல் போக அதிகாரி விடவில்லை.

அம்மா ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். செருப்பில்லை. கயிறு கட்டியிருந்ததைத் தாண்டி நேராகத் தீயணைப்புக்காரர்களிடம் போனாள்.

"நின்னு பாக்கவாய்யா வந்தீக? உள்ள போங்கய்யா. எம்புள்ள உள்ள இருக்கா."

ஒருவர் அம்மாவைத் தடுத்தார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். அம்மா குனிந்து தரையிலிருந்து மண்ணை வாரி அவர் முகத்தில் எறிந்தாள். "நீங்க வெளங்குவீகளா" என்று கத்தினாள். அவர் கண்ணைத் துடைத்தார். அம்மாவை மெதுவாக என் பக்கம் நகர்த்தி விட்டுவிட்டு மறுபடியும் குழாயைப் பிடிக்கப் போனார்.

பொழுது சாயும்போதுதான் எல்லாம் அடங்கி அவர்கள் உள்ளே போனார்கள். எங்களை ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் ஆட்கள் குனிவதும் நிமிர்வதும்தான் தெரிந்தது. மண் வாங்கிய அந்தத் தம்பி ஒரு தடவை வெளியே வந்து சீமைக்கருவேல மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடியும் உள்ளே போனார். அவர் எதைப் பார்த்திருப்பார் என்று நினைக்கவே கூடாது என்று நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அரசு ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் ரத்தம் எடுத்தார்கள். எந்த உடல் யாருடையது என்று அப்படித்தான் பார்க்க வேண்டியிருந்தது. சில நாள் கழித்துச் சின்னவளை எங்களிடம் கொடுத்தார்கள், வெள்ளைத் துணியில் இறுகச் சுற்றி. முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அம்மா நின்றாள். அங்கே வேலை பார்க்கும் ஒரு பெரியவர், அம்மா வயது இருக்கும், கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேணாம்மா. நீங்க பாத்து வச்சிருக்க முகமே இருக்கட்டும்."

அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவளுக்குள் ஒரு கேள்வி தங்கிவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பவள் சட்டென்று நிறுத்திவிடுவாள். "எங்கன கெடந்தாளோ. எப்பிடிக் கெடந்தாளோ" என்பாள். ஆலையைப் பற்றி, வழக்கைப் பற்றி, யார்மேல் தப்பு என்பதைப் பற்றியெல்லாம் வீட்டுக்கு வந்து எத்தனையோ பேர் பேசினார்கள். அம்மாவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது அந்த ஒன்றுதான். அதைச் சொல்ல யாரும் இல்லை.

கூட்டம் முடிந்த மறுநாள், பேனர் அடிக்கச் சின்னவள் படம் வேண்டும் என்று கேட்டார்கள். அவள் தனியாக நின்று எடுத்த படமே இல்லை. என் மச்சினன் கல்யாணத்தில் எல்லோரும் நின்ற படத்திலிருந்து அவளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. பேனர் கடைப் பையன் கம்ப்யூட்டரில் அவள் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

"அக்கா, இது நல்லாச் சிரிச்ச மாதிரி இருக்கே. வேற படம் இருக்கா?"

"சிரிச்சமானிக்கே இருக்கட்டும்" என்றேன்.

அவள் தோளில் கிடந்த என் கையை அவன் அழித்துக்கொண்டிருந்தபோது நான் கடைக்கு வெளியே வந்து நின்றுகொண்டேன்.

நினைவு நாள் அன்று ஊரில் யாரும் வேலைக்குப் போகவில்லை. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். திடலில் சாமியானா போட்டு ஆறு படத்துக்கும் மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்தார்கள். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். "நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்தப் புள்ளைகளப் பாக்க" என்றாள். அப்போதுதான் அன்றைக்கு அவள் வாரி எறிந்த மண் அவளை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. வற்புறுத்தாமல் வந்துவிட்டேன்.

வண்டி சொன்னபடியே சத்தமில்லாமல் வந்தது. நெடுஞ்சாலையில் எங்கேயாவது அந்தச் சைரன் கேட்டாலே எங்கள் ஊர்ப் பெண்கள் நெஞ்சில் கைவைத்துக்கொள்வார்கள். அன்று அந்தச் சிவப்பு வண்டி தெருவில் மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்து வந்தபோது, ஓரத்தில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கும்பிட்டார்கள். இறங்கியவர்கள் எங்களைவிட மிரண்டிருந்தார்கள். பூட்ஸைக் கழற்றிவிட்டுப் படங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்த்தார்கள். அந்த முகங்களை அவர்கள் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார்கள் என்பது எனக்குச் சுரீர் என்று உறைத்தது.

மைக்கில் அதிகாரி கொஞ்சம்தான் பேசினார். "மரியாதை வாங்குறதுக்கு நாங்க வரலை. இவங்களைக் கும்பிட்டுட்டுப் போகத்தான் வந்தோம்" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டார்.

முதல் சால்வையை அந்த அக்கா போடுவது என்று ஏற்பாடு. தன்னைத் தூக்கிவந்த இரண்டு பேரில் ஒருவருக்கு முன்னால் போய் அக்கா நின்றார். தீயில் சுருங்கிய தோள் அது, கை நெஞ்சு உயரத்துக்குமேல் எழும்பாது. சால்வையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எதிரில் இருந்தவர் புரிந்துகொண்டார். தரையில் முழங்கால் போட்டுக் கழுத்தைக் குனிந்தார். அக்கா சால்வையைப் போர்த்திவிட்டு அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதார். தலைப்பு நழுவிக் கன்னம் தெரிந்தது. அவர் அதை இழுத்து மூடவில்லை. லோடு ஏற்றுகிறவர் அடுத்த சால்வையைப் பிரிக்கத் தெரியாமல் பிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அம்மா வந்ததைப் பார்த்தேன். வீட்டில் கட்டியிருந்த சேலையோடு சாமியானாவுக்குள் நுழைந்து அந்தத் தம்பியின் முன்னால் போய் நின்றாள்.

"அன்னைக்கு ஒங்க மேல மண்ணை வாரிப் போட்டவ நான்தான்" என்றாள்.

"தெரியும்மா" என்றார் அவர்.

"மனசுல வச்சிக்கிறாதீக."

"எங்கம்மாவா இருந்தா கல்லையே எடுத்துருப்பாங்க" என்றார். அவர் பேச்சும் எங்கள் பக்கத்துப் பேச்சுதான். பிறகு கேட்டதில் மல்லாங்கிணறு பக்கத்து ஆள் என்று தெரிந்தது.

அம்மா என் தங்கையின் படத்தைக் காட்டினாள். "இதுதான் எம்புள்ள. இவளை நீங்க பாத்தீகளாய்யா? எங்கன கெடந்தா?"

அவர் படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பார்த்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லிவிடக் கூடாதே என்று நான் பயந்தேன்.

"யாரு யாருன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். "தெரியுற மாதிரி இல்ல. பொய் சொல்ல மாட்டேன்."

அம்மா தலையாட்டினாள்.

"ஆனா ஒண்ணு சொல்றேன். தரையெல்லாம் கருகி ஒரே சூடு. வெளிய தூக்கிட்டு வந்தா கெடத்த எடமில்ல. வண்டியில நாங்க படுக்குற விரிப்பு ரெண்டு கெடந்துச்சு, அதை விரிச்சோம். பத்தல. பக்கத்து ஊர்ப் பொம்பளைக எப்பிடியோ தெரிஞ்சிக்கிட்டு, கொடியில காஞ்ச சேலையெல்லாம் உருவிக் கொண்டாந்து வேலி வழியாத் தந்தாங்க. ஒவ்வொருத்தருக்கும் கீழ ஒண்ணு விரிச்சு, மேல ஒண்ணு போத்தித்தான் வச்சோம். ஒருத்தரையும் வெறும் மண்ணுல போடலம்மா. ஒங்க மகளையும் போடல."

அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தாள். ஏதோ பொருளைப் பார்ப்பதுபோல உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் அசையாமல் நின்றார்.

எல்லோருக்கும் அங்கேயே சாப்பாடு. வடை பாயசம் இல்லாமல் சோறு, சாம்பார், ஒரு கூட்டு, அப்பளம். அம்மா அவரை உட்கார வைத்துத் தானே பரிமாறினாள். "இன்னும் கொஞ்சம் வச்சிக்கிருங்கய்யா" என்று அவள் கரண்டியை எடுத்தபோது அதிகாரியின் போன் அடித்தது. அவர் கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டார். மற்றவர்களும் எழுந்தார்கள். யாரும் கை கழுவவில்லை.

"எங்கய்யா?" என்று யாரோ கேட்டார்கள்.

"சாத்தூர் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ்."

வண்டியை எடுக்க வழியில்லாமல் பைக்குகள் நின்றன. சால்வை எதற்கு என்று கேட்ட அந்த மனிதர் முதலில் ஓடிப்போய்ப் பைக்குகளைத் தூக்கித் தூக்கி ஓரத்தில் வைத்தார். "ஏலே, பந்தல் கயித்தை அவுருலே, வண்டி போகட்டும்" என்று கத்தினார். வண்டி தெருவைத் தாண்டும்வரை சத்தம் போடாமல் பொறுத்திருந்தது. ரோட்டில் ஏறியதும் சைரன் எழுந்தது.

சாத்தூர் பக்கம் கட்டிக்கொடுத்து, அன்றைக்கு வர முடியாமல் வேலைக்குப் போன அக்காவோ தங்கையோ மகளோ உள்ளவர்கள் போன் போட்டார்கள். திடல் முழுக்க ஆளுக்கொரு மூலையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. படங்களுக்கு முன்னால் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பாதி சாப்பிட்ட இலைகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றை எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அம்மா அந்தத் தம்பியின் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்துத்தான் தகவல் வந்தது. தீக்குச்சி காயப்போட்டிருந்த கொட்டகைதான் எரிந்தது, ஆட்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்றார்கள். சிலர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்கள். இறந்துபோனவர்களின் வீட்டுக்காரர்களும் சேர்ந்து அழுதார்கள். வேறு யாருடைய பிள்ளைக்கோ உயிர் கிடைத்துவிட்டதே என்ற பொறாமை அதில் துளியும் இல்லையென்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. எனக்குள் இருந்தது.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா, "சேலை குடுத்த பொம்பளைக யாருன்னு தெரியலையே" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் அந்த ஊருக்குப் போனேன். ஆலைக்கு அடுத்த சிற்றூர். விசாரித்ததில் ஒரு வீட்டைக் காட்டினார்கள். கதவைத் திறந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நாங்கள் யார் என்று சொன்னதும் அவள் பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டாள். வாசலில் எங்களுக்குப் பாய் விரித்தார்கள்.

"எத்தனை சேலை குடுத்தோம்னுகூடத் தெரியாதும்மா" என்றாள் அந்தப் பெண். "கையில அம்புட்டதை எடுத்துட்டு ஓடுனோம். வேலிக்கு அங்கிட்டு தீயணைப்பு வண்டி அண்ணன் ஒருத்தரு நின்னாரு. ஒவ்வொண்ணா வாங்கிக்கிட்டாரு. எதுக்குன்னு நாங்க கேக்கல, அவரும் சொல்லல."

"எல்லாம் என்ன சேலைத்தா?" என்று கேட்டாள் அம்மா.

"பழஞ்சேலைதாம்மா. நூல் சேலை. என்னோடது ஒண்ணு பச்சையில மஞ்சப் பூப் போட்டது."

அம்மா அதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தோம். வயதான ஒரு பெண் வந்து உட்கார்ந்து, விவரம் தெரியாமல், "ஒங்களுக்கு எத்தனை புள்ளைக?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை அந்த ஒரு வருடத்தில் யார் கேட்டாலும் அம்மா "ரெண்டு பொம்பளைப் புள்ளைக" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். அன்று எழவில்லை. என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டாள்.

"இவ பெரியவ" என்றாள். "சின்னவ ஒருத்தி இருந்தா."